எலிக்காரி வீட்டுத் தையல்காரர்

எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் எங்கள் தெருவில் எலிக்காரி என்றால்தான் தெரியும். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. எலியின் வயிற்றைத் திறந்து, பித்தம் இறங்கும் குழாயை நூலால் கட்டித் தைத்துவிடுவார்களாம். சில வாரங்களில் ஈரல் கெட்டு, அது வடிகட்ட வேண்டிய நஞ்செல்லாம் மூளைக்கு ஏறும். அதற்குப் பிறகு எலிக்குப் புத்தி எப்படித் தடுமாறுகிறது என்று பார்ப்பது இவள் பொறுப்பு. நானாகக் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். சரி, நச்சரித்த பிறகு சொன்னாள்.

மல்லாக்கப் போட்ட எலி தானாகப் புரண்டு எழுகிறதா என்று ஒரு சோதனை. அப்போது பாவம் பார்த்து ஒரு விரல் கொடுத்தாலும் சோதனை வீண். "முதல்ல கஷ்டமா இருந்துச்சுக்கா. இப்பல்லாம் கை தானா முதுகுக்குப் பின்னாடி போயிடுது" என்றாள்.

அவள் புருஷன் வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டிருக்கும் தையல்காரர். அவருக்கும் ஈரல் வியாதி. சொட்டுக்கூடக் குடிக்காத மனுஷன் என்று அவள் சத்தியம் செய்தாள். தெரு நம்பவில்லை, நான் பாதி நம்பினேன். நஞ்சு வயிற்றுப்போக்கோடு வெளியேற வேண்டும் என்று ஒரு இனிப்பு மருந்து கொடுத்திருந்தார்கள். அளவெடுக்க வந்தவரை நிற்க வைத்துவிட்டு எத்தனை முறை கக்கூஸுக்கு ஓடுவது என்று மனுஷன் அதை ரகசியமாக நிறுத்திவிட்டார்.

அது தெரியாமல் நான் சண்டைக்குப் போனேன். என் வீட்டுக்காரரின் சட்டைக்குப் பையை முதுகில் தைத்திருந்தார்.

"என்ன மாஸ்டர், காசை முதுகுல வச்சுக்கிட்டு அவர் எப்படி எடுப்பாரு?"

அவர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு" என்றார். குரல் குழைந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. காலையிலேயே ஊற்றிக்கொண்டாரா?

சத்தம் கேட்டு வந்த எலிக்காரி சிரிக்கவில்லை. "ரெண்டு கையையும் நீட்டுங்க. வண்டியை நிறுத்தச் சொல்ற மாதிரி."

நீட்டினார். உள்ளங்கைகள் அடிபட்ட பறவையின் சிறகுபோலப் படபடவென்று தொங்கித் தொங்கி எழுந்தன. அவள் முகம் வெளுத்துப்போனது.

"என்னடி, எலியப் பாக்குற மாதிரிப் பாக்குற?" என்று எழுந்தவர் கால் பின்னி மல்லாக்க விழுந்தார்.

ஓடிப் பிடிப்பாள் என்றுதானே நினைப்போம்? நின்றாள். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன. தோள் திரும்புகிறதா என்று கண் அங்கேயே இருந்தது. உதடு நொடி எண்ணிக்கொண்டிருந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார், புரளவில்லை.

நான் குனிந்தேன். "தொடாதீங்க!" என்று கத்தினாள்.

அந்தச் சத்தம் அவள் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அவர் மேல் விழுந்து, "எந்திரிங்க, ஏங்க, புரளுங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன்.

வண்டியில் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. "இதுக்கப்புறம் என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். என் வாய் சும்மா இருக்குமா?

"எலிக்கா?" என்றாள். "இதுக்கப்புறம் மூளைய எடுத்துடுவோம்க்கா."



ஆஸ்பத்திரியில் அதே இனிப்பு மருந்தை மூக்குக் குழாய் வழியாக ஏற்றினார்கள். மறுநாள் கண் திறந்தார். அவள் உள்ளே போக மாட்டேன் என்றாள். "நீங்க போய்ப் பேசுங்கக்கா. நான் பாத்தா சோதனை பண்ற மாதிரியே ஆயிடுது."

போனேன். என்ன கிழமை என்று கேட்டேன். யோசித்து, சரியாகச் சொன்னார். பிறகு வாசலைப் பார்த்து, "அவ ஏன் உள்ள வரல?" என்றார்.

சந்தோஷத்தில் வெளியே ஓடினேன். "தெளிஞ்சுட்டாரும்மா! உன்னைத்தான் கேக்குறாரு!"

அவள் கதவு நிலையைப் பிடித்த பிடியை விடவில்லை.

"எலிங்களும் நடுவுல ஒரு நாள் இப்படித் தெளியும்க்கா" என்றாள்.