பிட்டுக்கைப் பிடியும் முத்துச்சிப்பிப் பிடியும்

கண்ணை மூடிக்கொண்டு ஐந்து குண்டுகளை ஒரே ஓட்டைக்குள்ளால் அனுப்பிய மனிதன் ஜெர்மனியில் நான் ஒருவன்தான். அன்று ஹனோவரில் எழுந்த கைதட்டலுக்கு ஹம்பேர்க் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பதிலுக்கு ஊதின. நம்பாதவர்கள் கப்பல்களைக் கேட்கலாம்.

ஓய்வூதியம் தொடங்கிய மாதமே எங்கள் பகுதித் துப்பாக்கிச் சுடும் சங்கத்தில் சேர்ந்தேன். உருளைக்கிழங்கு சாலட்டுக்காகத்தான் சேர்ந்தேன் என்று என் மனைவி பிளோறன்ஸ் சொல்வாள். அதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசி அந்தப் பச்சை ஜாக்கெட். பித்தளைப் பொத்தான்கள் மின்னும் அதை, போட்டி அணியில் இருக்கும் நால்வர் மட்டும்தான் போடலாம். மூன்று வருடங்கள் சங்கத்தின் இரவல் ரிவால்வரால் சுட்டேன். பக்கத்து இலக்கு, அதற்கும் பக்கத்து இலக்கு, ஒருமுறை கூரை விளக்கு என்று எதற்கும் ஓரவஞ்சனை காட்டவில்லை.

இந்த வசந்தத்தில் அணியில் ஓர் இடம் காலியானது. தலைவர் ஹெர் குறூஸ் என்னைக் கூப்பிட்டார்.

"சொந்த ரிவால்வர் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள், அல்பேர்ட். ஐந்து குண்டு, நாற்பத்தைந்து புள்ளி. எடுத்தால் ஜாக்கெட். எடுக்காவிட்டால் சமையலறைக் குழுவில் கிழங்கு உரிக்கலாம்."

அனுமதி கேட்கும் விண்ணப்பமான அன்ட்றாக்கில் ஒரேயொரு துப்பாக்கிக்குத்தான் அவர் கையொப்பம் வைப்பார். ஆனால் துப்பாக்கிக் கடை நடத்தும் யூலியாவிடம் எனக்காக இரண்டு காத்திருந்தன.

முதலாவது கடல் கடந்து வந்தது. நீல வெல்வெட் பெட்டி, முத்துச்சிப்பிப் பிடி, தங்கம் பூசிய விசை, குழல் முழுக்கப் பூக்கொடி. என்னோடு வந்திருந்த பிளோறன்ஸின் தம்பி யூட் அதைக் கண்டதும் பெட்டியைக் கட்டிப்பிடித்தான். தொழிலில் தச்சன், சங்கத்தில் உறுப்பினன், நான் சொல்லும் எதையும் பிறந்ததிலிருந்து நம்பாதவன்.

"அத்தான், இதை எடுங்கோ. கலியாண வீட்டுக்குக் கொண்டு போனா வீடியோக்காரன் உங்களை விட்டு அசையமாட்டான்."

"பொலிஸும் அசையமாட்டுது, விசரா."

இரண்டாவது சாதாரணப் பழைய ரிவால்வர். அதற்கு என் கைக்கு அளவாகப் புதுப் பிடி செதுக்கித் தருவதாக யூலியா சொன்னாள். அளவெடுக்க ஓர் உருண்டைக் களிமண்ணைத் தந்து, "யோசிக்காமல், உங்கள் கைக்கு இயல்பாக எப்படி வருமோ அப்படிப் பிடியுங்கள்" என்றாள்.

யோசிக்கவில்லை. அங்கேதான் பிசகியது. மதியச் சாப்பாட்டு நேரம். களிமண் மெத்தென்று, இளஞ்சூடாக இருந்தது. அறுபத்தாறு வருடம் பழகிய கை தன் வேலையைப் பார்த்தது. நான்கு விரல்கள் கூட்டிச் சேர்த்தன, பெருவிரல் மேலே அமர்ந்தது, உள்ளங்கை மெல்ல அமர்த்தியது. குனிந்து பார்த்தால், களிமண்ணில் பிட்டுக்குள் மாம்பழம் பிசைந்து வைத்திருந்தேன்!

யூலியாவின் கண் விரிந்தது. "இப்படி ஒரு பிடியை நான் கண்டதேயில்லை. உங்கள் நாட்டு முறையா?"

"மிகப் பழைய முறை" என்றேன். அது பொய்யில்லையே.

சோதனை ஞாயிறு காலை பதினொரு மணிக்கு. இரண்டாலும் சுடலாம், கூடிய புள்ளியே கணக்கு, வென்ற துப்பாக்கியே அன்ட்றாக்கில் ஏறும். புள்ளித் தாளில் ஹெர் குறூஸும் இன்னோர் உறுப்பினரும் சாட்சிக் கையொப்பம் வைக்க வேண்டும். அந்த இன்னோர் உறுப்பினர் யூட்.

முத்துச்சிப்பியை முதலில் எடுத்தேன். அதன் அழகை விட்டுக் கண் இலக்குக்குப் போக மறுத்தது. ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு யூட் ஓடிவந்து கைலேஞ்சியால் துடைத்தான்.

"வேர்வை படாமப் பிடியுங்கோ அத்தான்!"

"வேர்வை படாமப் பிடிக்க இதென்ன ஐஸ்கிறீமோடா?"

பத்தொன்பது புள்ளி. சமையலறையில் யாரோ எனக்காக ஒரு கத்தியைத் தீட்டும் சத்தம் கேட்டது.

அடுத்து, யூலியா அந்தக் களிமண் அச்சுப்படியே பிடி செதுக்கிய என்னுடையது. "ஆரோ மிதிச்ச கத்தரிக்காய் மாதிரிக் கிடக்கு" என்றான் யூட். நான் பிடித்தேன். பிடி என் கைக்குள் வந்து உட்கார்ந்தது. பசி வேறு. குழலை இலக்குக்கு நேரே நிறுத்தியதும் மாம்பழ மணம் வந்தது, சத்தியமாக வந்தது. கண் தானாக மூடியது. மாம்பழத்தை நசுக்கக்கூடாது, மெல்ல, மெல்ல. டும். இன்னும் கொஞ்சம் பிட்டு. டும். ஐந்து முறை பிசைந்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தேன்.

புதிதாக மாட்டிய அட்டையின் நட்டநடுவில் ஓட்டை. ஒன்றே ஒன்று.

"ஒண்டு பட்டது, நாலு காத்தில போச்சுது!" யூட் துள்ளினான். "பத்துப் புள்ளி. கிழங்கு உரிக்கப் போங்கோ."

"ஐந்தும் அதுக்குள்ளாலதான் போனது."

"கதை விடாதேங்கோ அத்தான். நான் கையெழுத்து வைக்க ஏலாது."

ஹெர் குறூஸ் பேனையை நீட்டியபடி நின்றார். யூட் பேனையைத் தொடவில்லை. பச்சை ஜாக்கெட் ஆணியில் தொங்கியபடி என்னையே பார்த்தது. அப்போது, துப்பாக்கிகளைக் கொண்டுவந்திருந்த யூலியா, இலக்குக்குப் பின்னால் குண்டுகளை வாங்கும் மரக்கட்டையைக் காட்டினாள்.

"வெட்டிப் பார்த்தால் தெரியுமே."

சுடுவதை நிறுத்தி எல்லோரும் அங்கே போனோம். யூட் தன் உளியை எடுத்து முழங்காலில் நின்றான். முத்துச்சிப்பியின் குண்டுகள் ஓரங்களில் சிதறியிருக்க, கட்டையின் நடுவில் ஒரே குழி. முதல் ஈயம் வந்தது. அவன் சிரித்தான். இரண்டாவது வந்தது. சிரிப்பு பாதியானது. மூன்றும் நான்கும் ஒட்டிக்கொண்டு வந்தன. ஐந்தாவது விழுந்தபோது அவன் உளியைப் போட்டுவிட்டான்.

"பழைய குண்டா இருக்கும்."

"இந்தக் கட்டை எப்ப பூட்டினது?"

"இண்டைக்குக் காலமை."

"ஆர் பூட்டினது?"

யூட் கீழே கிடந்த உளியை எடுத்தான். "நான்தான்."

"பூட்டேக்க குழி இருந்ததோ?"

யூட் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தான். ஹெர் குறூஸ் மறுபடி பேனையை நீட்டினார். யூட் வாங்கினான். கையொப்பம் வைத்தான். ஈயத் துண்டுகளை இன்னொருமுறை உருட்டிப் பார்த்தான்.

"ஓம் அத்தான், நடந்ததுதான்" என்றான் தரையைப் பார்த்தபடி. "நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நிண்டதையும் நான் கண்டனான்."