தில்லையம்பலத்தாரின் சிம்மாசனம்

தில்லையம்பலத்தாரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நடுநிலையாகப் பேசுகிறேன் என்று பிறகு யாரும் ஏமாறக் கூடாது. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இரண்டு பலசரக்குக் கடை, ஊர்ச் சங்கத்தின் தலைவர் பதவி, எவரையும் அரைக்கண்ணால் பார்க்கும் வழக்கம், இவ்வளவும் அவரிடம் உண்டு. ஊரில் அவர்கள் வீட்டுக் கலியாணங்களுக்கெல்லாம் பந்தல் போட்டவர் என் அப்பா. தான் போட்ட பந்தலுக்குள் இருந்து அவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. வீட்டின் பின்னால் கோடிப்பக்கம் கூப்பிட்டு ஒரு பார்சலைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள்.

அப்படிப்பட்ட வீட்டு மனிதர் 1993 சித்திரையில் வடலண்டன் எட்மண்டனில் இருந்த எங்கள் ஃபிளாட்டுக்கு மூன்று மாடி ஏறி வந்தார். மகள் வயதுக்கு வந்திருந்தாள், சாமத்தியவீடு. நான் வாரநாளில் அச்சகமொன்றில் வேலை செய்தேன். சனி ஞாயிறுகளில் ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப் பலகையைச் சூட்டுக் கம்பியால் வெட்டி, வர்ணம் பூசி, மேடை அலங்காரம் செய்துகொடுப்பேன். அந்தக் காலத்தில் லண்டனில் பெரியபிள்ளையான பெண்ணெல்லாம் ஒன்றில் அன்னத்தில் இருந்தாள், அல்லது தாமரையில் இருந்தாள்.

"அன்னத்தைப் பாத்துப் பாத்துச் சனம் அலுத்துப்போச்சு அம்பலவாணன்," என்றார். "நீங்கள் ஈரானில இருந்தனீங்களாமே. அங்கத்தைப் பழைய ராசாவின்ர அரண்மனை மாதிரிச் செய்யேலுமோ? பிள்ளையளோட மியூசியத்துக்குப் போனன். கண்ணுக்குள்ளயே நிக்குது."

எழுபத்தாறிலிருந்து இரண்டு வருடம் ஷிராஸில் வீதி போடும் கம்பனியொன்றில் படம் வரைபவனாக இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் பஸ் பிடித்துப் பெர்சிபோலிஸ் போய், இடிந்து கிடந்த அரண்மனையைக் கொப்பியில் கீறிக்கொண்டு இருப்பேன். அந்தக் கொப்பியை எடுத்துக் காட்டினேன். படியின் உயரம் நாலு அங்குலம்தான், நீண்ட அங்கி போட்ட பிரபுக்கள் தடுக்காமல், ஓடாமல், அடக்கமாக ஏறிவர வேண்டும் என்று சொன்னேன். வாசல் கல்லில் அரசன் மற்ற எல்லோரையும்விடப் பெரிதாக இருப்பான். அவன் கால் நிலத்தில் படாது, அதற்கென்று ஒரு மணை உண்டு. சிம்மாசனத்துக்குக் கீழே மூன்று வரிசையாக நின்று கைகளால் தாங்குகிறவர்கள் அவன் ஆண்ட நாடுகள். வாசலின் ஒரு பக்கம் பதினாலு பேர், மறுபக்கம் பதினாலு பேர். யார் யார் கீழே நிற்கிறார்கள் என்பதில் சந்தேகம் வரக் கூடாதென்று ஒவ்வொருவனுக்கும் அவனவன் நாட்டு உடுப்பைக் கவனமாகச் செதுக்கியிருந்தார்கள். ஒருவன் முகத்திலும் பாரம் தெரியாது.

"அதுதான் எனக்கு வேணும்," என்றார் தில்லையம்பலத்தார்.

நான் கூலி பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். நானும் மனைவியும் வேலைக்காரராக அல்ல, விருந்தாளிகளாக வருவோம் என்றேன்.

"இதென்ன கேள்வி? குடும்பமா வாறியள், முன்வரிசையில இருக்கிறியள், முதல் பந்தியில சாப்பிடுறியள்."

அவர் போன பிறகு என் மனைவி கலாவதி சமையலறையிலிருந்து வந்தாள். "கேட்டு வாங்கிறது ஒரு மரியாதையோ?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அப்பாவுக்குக் கிடைக்காத அந்த ஒரு நாற்காலியும் ஒரு இலையும் எனக்கு வேண்டும், அது கேட்டு வந்தால் என்ன, கேளாமல் வந்தால் என்ன என்று கத்தினேன்.  அவள் போய் மாம்பழக் கலர் சீலையை எடுத்து அயன் பண்ணி வைத்தாள்.

இரண்டு கிழமை கழித்து வேலையைப் பார்க்க வந்த தில்லையம்பலத்தார், நான் வெட்டியிருந்த உருவங்களைக் கண்டு முகத்தைச் சுளித்தார்.

"உந்தத் தொப்பிக்காரரை ஆருக்குத் தெரியும்? எங்கட ஊரில எங்களுக்குச் செய்த ஆக்களை நிப்பாட்டுங்கோவன். ஒருத்தன்ர தோளில மேளம், ஒருத்தன்ர இடுப்பில கள்ளுச் சீவுற பாளைக்கத்தி, ஒருத்தன்ர தலையில உடுப்பு மூட்டை. சனம் பாத்த உடன விளங்கும்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பந்தல்காரன் வேண்டாம். உங்களுக்கு மனம் நோகும்."

சூட்டுக் கம்பியை அவர் கன்னத்தில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. மூன்று பேரின் தொப்பிகளைச் சீவி எறிந்துவிட்டு மேளமும் கத்தியும் மூட்டையும் வெட்டினேன். முன்வரிசை நாற்காலிக்காக நான் செய்த கேவலம் இது, இதை ஒளிக்கப் போவதில்லை. மேடையை மூன்று அடிக்குக் கட்டுவதாக இருந்தேன். வேறு யாரோ நாலடியில் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டு ஐந்தடி வேண்டும் என்றார். மேடையின் கால்கள் தாங்காது, பிள்ளையும் இரண்டு பேரும் தவிர மேலே ஒருவரும் ஏறக் கூடாது என்று மூன்று தரம் சொன்னேன். ஓம் ஓம் என்று மூன்று தரமும் தலையாட்டினார்.

அன்று பாடசாலை மண்டபம் நிறைந்திருந்தது. சொன்னபடியே முன்வரிசையில் எங்களுக்கு இரண்டு நாற்காலி. நான் கோட் போட்டிருந்தேன். பிள்ளை நகையெல்லாம் போட்டு, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய தேக்கு நாற்காலியில் இருந்தது. ஆராத்தி தொடங்கியது. அப்போது தாய்மாமன் குடும்பம், வீடியோவில் எல்லோரும் ஒன்றாக நிற்க வேண்டுமென்று, ஒன்பது பேராக மேலே ஏறியது. இடது மூலையில் மரம் பிளக்கும் சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்டது. ஓடிப்போய் அந்த மூலைக்கு அடியில் தோளைக் கொடுத்தேன். ஒன்பது பேரும் அலறிக்கொண்டு இறங்கினார்கள். பிள்ளை மட்டும் மேலே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

"பிள்ளையை இறக்குங்கோ, பத்து நிமிசத்தில கட்டை வைச்சுத் தாறன்," என்றேன்.

தில்லையம்பலத்தார் குனிந்து என் காதருகே வந்தார். "ஆராத்தி தொடங்கிற்று. இடையில இறக்கினால் அபசகுனம். கனடாவுக்குப் போற வீடியோ இது. அப்பிடியே பிடியும்." உடனே ஆராத்தித் தட்டுகளை மூடி வந்த நீலப் பட்டுத் துணியை எடுத்து, வீடியோவில் நான் தெரியாதபடி என் தலைக்கு மேலால் இழுத்துவிட்டார்.

துணிக்குள் வெக்கையாக இருந்தது. என் முகத்துக்கு அரை முழத்தில் நான் வெட்டிய மேளகாரன் நின்றான். நாதஸ்வரக் கசெட் ஒலிபெருக்கியில் அலறியது. வலது கையையும் தோளையும் பலகைக்குக் கொடுத்துக்கொண்டு, மேலே ஒரு பிள்ளை இருக்கிறது, விட்டால் ஐந்தடியிலிருந்து விழும் என்பதை மட்டுமே நினைத்தேன். வேறு எதை நினைத்திருந்தாலும் விட்டிருப்பேன். ஒருமுறை பலகை ஆடியது. யாரோ பூப்போட ஏறுகிறார்கள் என்று எண்ணி இன்னும் உறுதியாக முண்டு கொடுத்தேன். பிறகு கசெட் மாறியது, அதன் மறுபக்கமும் ஓடியது. கை மரத்தது. தில்லையம்பலத்தாரை, அவர் தகப்பனை, தகப்பனுக்குத் தகப்பனை, தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றாலும் திட்டினேன்.

துணியை விலக்கியது வீடியோக்காரர் கஸ்பர். தன் லைட்டின் வயரைத் தேடி வந்திருந்தார்.

"அண்ணை, இன்னும் இதுக்கையோ நிக்கிறியள்?" என்றார். "பிள்ளை சீலை மாத்தப் போய் அரை மணித்தியாலமாகுது. சனம் சாப்பிடுது."

தோளை எடுக்காமலே தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். தேக்கு நாற்காலியில் பூவிதழ்கள் மட்டும் கிடந்தன. நான் விலகியதும் மூலை சரிந்து, நாற்காலி உருண்டு, ரெஜிபோம் ஆட்களை நொறுக்கிக்கொண்டு விழுந்தது. பக்கத்து அறையில் முதல் பந்தி நடந்துகொண்டிருந்த சத்தத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

முன்வரிசையில் கலாவதி மட்டும் இருந்தாள், கைப்பை மடியில். என் நாற்காலி அவளுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்தது.

"பிள்ளை இறங்கினதைக் கண்டனியே?" என்று கேட்டேன்.

"ஓம்."

"ஏன் வந்து சொல்லேல்லை?"

"அவை ஆரும் வந்து சொல்லுவினம் எண்டு கொஞ்ச நேரம் பாத்தன்," என்றாள். "பிறகு, நீங்களா எப்ப விடுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

 என் வலது கை விறைத்துப்போய் இன்னும் தோளுக்கு மேலேயே நின்றது. அவள் எழுந்து வந்து, அதை இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல மெல்லக் கீழே இறக்கினாள்.