பதினாறடி வண்டி

இளவரசன் செஞ்சியில் மின்வாரியப் பொறியாளர். காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப் போகும் கேரவன் ஒன்று வாங்கி, விடுமுறைகளில் மலையோரமாகத் தங்கி வரவேண்டும் என்று அவனுக்குப் பல நாள் ஆசை. கட்டித் தரும் பட்டறையில் இரண்டு அளவு சொன்னார்கள். பன்னிரண்டடியில் மூன்று பேர் படுக்கலாம்; பதினாறடியில் நான்கு பேர்.

வீட்டில் நான்கு பேர். அவன், மனைவி வசந்தா, மகள் தமிழினி, அவர்களோடு இருக்கும் அக்கா காத்தாயி.

"பெருசு நம்ம தெருவுல திரும்பாதுக்கா. சின்னதுதான் எடுக்கணும்."

"அதுக்கு இன்னா, நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் காத்தாயி.

உண்மையில் அவன் தெருவை அளக்கவே இல்லை. கூடவே தங்கள் வண்டிகளில் வரப்போவது அலுவலக நண்பர்களின் குடும்பங்கள். அக்காவோ யாரைப் பார்த்தாலும், "நடவு நட்டுத்தான் எந்தம்பிய படிக்க வெச்சேன்" என்று ஆரம்பித்துவிடுவாள். உடனே எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை அவனுக்குப் பிடிக்காது. வசந்தாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலை, வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்க்கப் பட்டறையிலிருந்து கன்னியப்பன் டேப்போடு வந்தார். காத்தாயி தானாகவே போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். தெருவையும் முனைத் திருப்பத்தையும் அளந்தார்கள்.

"பெருசே தாராளமா திரும்பும் சார்."

காத்தாயிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா இளவரசு, சும்மா பயந்துட்ட!"

"கார் இழுக்காதுக்கா" என்றான் அவசரமாக.

"இந்தக் காரா? நாலு பேரு, சாமான் எல்லாத்தோடயும் இழுக்கும் சார்" என்றார் கன்னியப்பன்.

காத்தாயி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு டேப்பை விட்டுவிட்டாள்.

"சின்னதே போடுங்க. எனக்கு வண்டின்னாலே வாந்தி வரும்."

"போன வாரம் மேல்மலையனூருக்கு பஸ்லதானே போய்ட்டு வந்த, அத்த?" என்றாள் தமிழினி.

"நீ சும்மா இரு." அவள் உள்ளே போய்விட்டாள்.

இளவரசனுக்குக் காது இரண்டும் எரிந்தன. வெளியாள் முன்னால் அவன் பொய்யை அவள் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

பதினாறடியே கட்டச் சொல்லிக் கன்னியப்பனை அனுப்பிவிட்டுச் சமையலறைக்குப் போனான். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லிட்டேன்க்கா."

"தெரியுது." கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அங்க வந்து நான் இன்னாடா பண்ணிடுவேன்?"

பதில் அவனுக்குத் தெரியும். வாசற்படியிலேயே நின்றான். அவன் நின்ற நிலையிலேயே அவள் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அதற்கு மேல் கேட்கவில்லை.

முதல் பயணத்துக்கு, எவ்வளவு கூப்பிட்டும் அவள் வரவில்லை. பொங்கல் விடுமுறையில் தமிழினி அழுது அடம்பிடித்த பிறகுதான் வந்தாள். ஜவ்வாது மலையில் மூன்று நாள். எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள், பிள்ளைகளோடு ஓடைக்குப் போனாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

கிளம்பும்போது ஒரு நண்பரின் மனைவி, "உங்க அக்கா ரொம்ப அமைதி, இல்ல?" என்றார்.

இளவரசன் காரின் கதவைப் பிடித்தபடி, தலையைக் குனிந்துகொண்டான்.