ஒரே அளவு ரவிக்கை

கண்ணாடிப் பெட்டிக்குள் என் பொம்மை மார்பில் துணியில்லாமல் நின்றிருந்தது. கழுத்தில் சிவப்பும் கறுப்புமாகக் கல்லுமாலை, நான்கு சுற்று. நேற்று சாயங்காலம் நான் வைத்துவிட்டுப் போனபோது அவள் வெள்ளை ரவிக்கை போட்டிருந்தாள், கழுத்து வெறுமையாக இருந்தது. மாலை அறுந்து காலடியில் ஒரு சிறிய அரிவாளோடு கிடந்தது. அப்படித்தான் கிடக்க வேண்டும். வாசகசாலைக் கூடத்தில் பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்குக் கண்காட்சித் திறப்பு விழா, அப்போது மணி ஒன்பதேகால். கையிலிருந்த பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

கொல்லத்து ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள் நான். பொம்மைப் பைத்தியம் அதற்கும் முந்தியது. முதலில் கடையில் கிடைத்ததையெல்லாம் வாங்கினேன். காக்ரா கட்டிய ராஜஸ்தான்காரி, தலையில் கூடை சுமந்த மணிப்புரிக்காரி, மூக்குத்தியை இடமா வலமா என்று தெரியாமல் ஒட்டிவைத்த மராட்டிக்காரி. போகப்போக அந்த உடுப்பெல்லாம் பொய் என்று தெரிந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய பெண்ணுக்கு நைலான் ஜரிகையும் பின்கழுத்தில் கொக்கியும் வைத்திருப்பார்கள். பிறகு உடுப்பில்லாத பொம்மைகளாகவே வாங்க ஆரம்பித்தேன். ஒரே கடை, ஒரே அச்சு, ஒரு சாண் உயரம். எந்த வருடத்தில் எந்த வீட்டுப் பெண் என்ன உடுத்தினாள் என்று தேடித் தேடி நானே தைத்தேன். எண்பது வயதுக் கிழவிகளுக்கு மாத்திரை கொடுக்கும்போதே, ரவிக்கைக்கு முடிச்சு முன்னாலா பின்னாலா என்று கேட்டுவைத்துக்கொள்வேன். இந்த வீட்டில் தன்னைத் தவிர எல்லோருக்கும் புது உடுப்பு கிடைக்கிறது என்று என் வீட்டுக்காரர் இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படி நான் உடுத்திவிட்டவர்களில் இந்தப் பெட்டிக்குள் நிற்பவள் 1915-ஐச் சேர்ந்தவள். புலையர் சாதிப் பெண், என் ஆள். அப்போதெல்லாம் எங்கள் பெண்கள் பொன்னும் வெள்ளியும் தொடக்கூடாது, கல்லும் கண்ணாடியும் கோத்த மாலைதான் போட வேண்டும், மாரை மறைக்கக் கூடாது. பார்த்த மாத்திரத்தில் யாரென்று தெரிய வேண்டுமே, அதற்கு. மாட்டுக்குக் கழுத்துமணி கட்டுகிற மாதிரிதான். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் பெரிநாடு. அந்த வருடம் அங்கே கூட்டம் போட்டு, பெண்கள் ரவிக்கை போட்டுக்கொண்டு வரிசையாக வந்து மாலையை அரிவாளால் அறுத்துக் குவித்தார்கள். அந்த ஒரு நொடியைத்தான் நான் ஒரு சாண் உயரத்தில் செய்து வைத்திருந்தேன். ரவிக்கைக்கு மட்டும் பதினோரு நாள் ஆனது. கை நுழையும் இடம் என் சுண்டுவிரல் அகலம்தான், மூன்று முறை பிரித்துத் தைத்தேன். ஆள் பொம்மைதான், ஆனால் அந்த ரவிக்கையை அவளுக்கு முதல்முறை போட்டுவிட்ட அன்று நான் அழுதேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஜயலக்ஷ்மி டீச்சர் சந்தனப் பொட்டும், ஜரிகைக் கரை போட்ட கசவு முண்டும், தோளில் அதே கரை போட்ட நேரியதுமாகச் சிரித்துக்கொண்டே வந்தார். ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகசாலையின் நூற்றாண்டு விழாக் கமிட்டியில் பெண்கள் பிரிவுக்குத் தலைவி. என் பொம்மைகளைக் கண்காட்சிக்குக் கேட்டு வீடு தேடி வந்தவரும் அவர்தான். நல்ல மனுஷி. அதில் எனக்குச் சந்தேகமில்லை, அதனால்தான் அவ்வளவு எரிந்தது.

மாலை அறுந்து கிடந்ததைப் பார்த்து மனசு கேட்கவில்லையாம். ஆட்டோவில் குலுங்கி அறுந்திருக்கும் என்று நினைத்தாராம். காலையில் ஆறு மணிக்கே வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொரு மணியாக நைலான் நரம்பில் கோத்தாராம். இனி ஜென்மத்துக்கும் அறுகாது என்றார்.

"அத அறுத்துப் போட்டதே நான்தான் டீச்சர். கார்டுல எழுதியிருந்தேனே."

என் கையெழுத்து பொடியாக இருந்ததால் எல்லாவற்றுக்கும் புதிதாக அச்சடித்துவிட்டார்களாம். பார்த்தேன். பாரம்பரிய அணிகலன், கல்லுமாலை என்று போட்டிருந்தது. வருடம் இல்லை, அறுத்த கதை இல்லை. அரிவாளுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு சின்ன நெற்கதிரை வேறு வைத்திருந்தார்கள்.

"ரவிக்கைக்கு மேல மாலை எடுப்பா இல்ல விலாசினி, அதான் கழட்டிட்டேன். உங்க ஆளுக அப்பல்லாம் அது போட்டதில்லையே. எல்லாம் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யறவ, இதுல மட்டும் கோட்டை விட்டுட்ட." சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார், பரவாயில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான் என்கிற மாதிரி.

கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்தது போல் இருந்தது எனக்கு. இருபது வருடம் கிழவி கிழவியாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததை, ஒரு காலைப்பொழுதில் திருத்திக் கொடுத்திருக்கிறார். அதுவும் இலவசமாக. கழற்றிய ரவிக்கை எங்கே என்று மட்டும் கேட்டேன்.

டீச்சர் பக்கத்துப் பெட்டியைப் பார்த்தார். அதில் நின்றவள் 1880-ஐச் சேர்ந்த நாயர் தறவாட்டுப் பெண், பெரிய குடும்பத்துக்காரி. காதில் தோடை, கழுத்தில் பொன், இடுப்பில் ஒற்றை முண்டு. அந்தக் காலத்தில் அவர்களும் இடுப்புக்கு மேல் உடுத்தியதில்லை. தோளில் ஒரு துண்டைப் போட்டாலும் பெரியவர்களைக் கண்டால் எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். அதுதான் சரித்திரம், அதில் குறைச்சலும் இல்லை பெருமையும் இல்லை என்று அப்படியே செய்து வைத்திருந்தேன். இப்போது அவள் என் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு நின்றாள். முன்முடிச்சு கூட அழகாகப் போடப்பட்டிருந்தது.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வருது இல்லையா," என்றார் டீச்சர். "நம்ம வீட்டுப் பொண்ண அப்படி நிறுத்தினா நல்லாவா இருக்கும்? அளவும் அச்சா பொருந்திச்சு."

"அப்ப எங்க வீட்டுப் பொண்ணு, டீச்சர்?"

அவர் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது. இதுவரை அந்தப் பக்கமாக ஒரு தடவைகூட யோசித்ததில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. வேண்டுமென்று செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். கை தானாகப் போய்ச் செய்திருக்கிறது. ஒருத்தியின் துணியை உருவி இன்னொருத்திக்குப் போட்டுவிட்டு, அந்தக் கை போய்க் காப்பி குடித்திருக்கிறது.

என் தம்பி சுகுணன் அதற்குள் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அவன்தான் வாசகசாலைச் செயலாளர், எங்கள் ஆட்களில் அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள். இன்று ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொள், சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் மாற்றிக்கொள்ளலாம், ஊரைப் பகைத்துக்கொண்டு இங்கே என்னால் ஒரு நாள் உட்கார முடியாது என்று காதருகே பேசினான்.

"நூறு வருஷத்துல இப்பத்தான் சேச்சி நமக்குன்னு ஒரு மேசை போட்டுக் குடுத்திருக்காங்க."

"அந்த மேசைல என்ன நிக்குதுன்னு பாத்தியாடா?"

அவன் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையை உருவிக்கொண்டேன். அவனுக்கு வலித்திருக்கும், வலிக்கட்டும்.

முதலில் தறவாட்டுப் பெண்ணின் பெட்டியைத் திறந்தேன். முடிச்சை அவிழ்த்தேன். கைகளை ஒவ்வொன்றாக, தையல் விட்டுவிடாமல் உருவினேன். எவ்வளவு கோபம் வந்தாலும் துணி விஷயத்தில் எனக்கு நிதானம் தவறாது. பிறகு என் ஆளை வெளியே எடுத்தேன். பையிலிருந்த கத்தரிக்கோலால் மாலையை வெட்டப் பார்த்தேன், நைலான் நரம்பு வழுக்கியது. இன்னொரு முறை, அப்போதும் வழுக்கியது. டீச்சர் அவ்வளவு கெட்டியாகக் கோத்திருந்தார். பொம்மையை முகத்தருகே கொண்டுவந்து, நரம்பைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தேன். சுகுணன் "சேச்சி" என்றான். இரண்டாவது கடியில் அறுந்தது. மணிகள் சிமெண்ட் தரையில் சிதறி பெஞ்சுகளுக்கு அடியில் ஓடின.

வாசலில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. நீலமும் வெள்ளையுமாகச் சீருடை, இரண்டிரண்டாகக் கை கோத்து உள்ளே வந்துவிட்டார்கள். முதலில் வந்த காலடியில் ஒரு மணி நொறுங்கியது. டீச்சர் சட்டென்று நகர்ந்து தறவாட்டுப் பெண்ணின் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். தோளிலிருந்த நேரியதின் முனையை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். ஒரு பெண்குழந்தை குனிந்து அந்தக் கசவுக் கரைக்குக் கீழாக எட்டிப் பார்த்தது. டீச்சர் துணியைத் தாழ்த்தினார். அது நிமிர்ந்து மேலாக எட்டியது, அவர் உயர்த்தினார். அவருடைய கண் மட்டும் என்மேலேயே இருந்தது. நான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, என் ஆளின் இரண்டாவது கையை ரவிக்கைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தேன்.