எகோனின் நாய் இல்லாத படம்

சோல்வை வெள்ளைக்கோலும் வைத்திருந்தாள், செய்தித்தாளும் படித்தாள். ஓல்போர் நகரத்தின் அந்தக் குடியிருப்பில் இதைவிடப் பெரிய குற்றம் வேறில்லை. சைக்கிளைத் தப்பான கொட்டகையில் நிறுத்தினால்கூட மன்னித்துவிடுவார்கள். கண் தெரியாதவள் என்றால் முழுசாகத் தெரியக்கூடாது. கொஞ்சம் தெரியும், கொஞ்சம் தெரியாது என்பதெல்லாம் ஏமாற்று வேலை.

அவளுக்கு மிஞ்சியிருந்தது நடுவில் ஒரு காசளவு பார்வை. உறிஞ்சுகுழல் வழியாகப் பார்ப்பது மாதிரி. அந்த வட்டத்துக்குள் விழும் எழுத்து எவ்வளவு பொடியாக இருந்தாலும் படித்துவிடுவாள். வட்டத்துக்கு வெளியே நிற்பது நாற்காலியா ஆளா என்பது இடித்த பிறகுதான் தெரியும்.

கீழ்வீட்டு எகோனின் நாய் அப்படித்தான் மிதிபட்டது. எகோன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். நாயின் பெயர் பால்டர், கன்றுக்குட்டி அளவு இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் சோல்வை அதன் காலை மிதித்துவிட்டாள். நாய் ஊளையிட்டது, எகோன் அதைவிடச் சத்தமாகக் கத்தினான், அவள் மன்னிப்புக் கேட்டாள். அதோடு போயிருக்கும். மறுநாள் பஸ் நிறுத்தத்தில் அவள் பேப்பர் படிப்பதை எகோன் பார்த்துத் தொலைத்தான்.

"இத்துனூண்டு எழுத்து தெரியுது, அத்தாம்பெரிய நாய் மட்டும் தெரியலையாம்! யார் காதுல பூ சுத்துறா?" என்று படிக்கட்டில் அகப்பட்டவரிடமெல்லாம் கேட்டான். கேட்டவர்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. டாக்டர் கொடுத்த சான்றிதழை அவள் நீட்டினாள். ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை.

இந்த வசந்தத்தில் எகோன் நகராட்சிக்கு ஒரு மனு எழுதினான். மாதம் பதினைந்து மணி நேரம் நகராட்சி அனுப்பும் ஒரு பெண் துணைக்கு வந்து சோல்வையை நீச்சல் குளத்துக்கும் கடைக்கும் கூட்டிப்போவாள். அதை நிறுத்த வேண்டுமாம். அது நின்றால் அவளுக்கு மிஞ்சுவது நான்கு சுவர்தான். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பின் ஆண்டுக்கூட்டத்தில் மற்றவர்களிடமும் வாங்கித் திங்கட்கிழமை அனுப்புவதாக ஏற்பாடு.

சோல்வை நாற்பது வருடம் படம் வரைந்து பிழைத்தவள். மூலையில் உட்கார்ந்து அழ அவளுக்குப் பொறுமை கிடையாது. கதவளவு துணியைச் சட்டத்தில் அடித்து நிறுத்தினாள். கோபம் ஆறிவிடக் கூடாதே என்று தினமும் மனுவின் நகலை ஒருமுறை படித்துவிட்டுத்தான் தூரிகையைத் தொட்டாள்.

ஞாயிறு மதியம் பொது அறையில் காபியும் ரொட்டியும் தீர்ந்தன. வரவுசெலவு, கூரை, குப்பைத்தொட்டி எல்லாம் முடிந்து 'பிற விஷயங்கள்' வந்தது. வருடம் முழுக்கச் சேர்த்துவைத்த விஷத்தைக் கக்குவதற்கென்றே உள்ள நேரம் அது. எகோன் மனுவோடு எழுந்தான். சோல்வையும் எழுந்தாள்.

"அதுக்கு முன்னாடி இதப் பாருங்க," என்று சுவரோரம் சாய்த்திருந்த படத்தின் போர்வையை இழுத்தாள்.

அவ்வளவு பெரிய துணியில் உள்ளங்கை அளவு வட்டங்கள் ஆறே ஆறு. ஒன்றில் தொப்பியின் விளிம்பு. ஒன்றில் கத்துகிற வாய், தங்கப் பல் உட்பட. ஒன்றில் ஜிப், ஒன்றில் காது, ஒன்றில் ஒரு ஷூ. கடைசி வட்டத்தில் நாய்வாரைப் பிடித்த கட்டைவிரல். வார் இரண்டு அங்குலம் இறங்கி அறுந்தாற்போல் நின்றது. மீதி எங்கும் பெயின்ட் படவில்லை, கறுப்புகூட இல்லை.

"யாருன்னு தெரியுதா?" என்றாள். "தபால்பெட்டிகிட்ட, அன்னைக்கு. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு தடவை கண்ணத் திருப்பணும்."

தங்கப் பல்லைப் பார்த்துப் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எகோனின் முகம் சிவந்தது.

"என் நாய் எங்க?"

"நீயே சொல்லு."

"வேணும்னே விட்டுட்ட! என்னை மட்டும் பல்லு வரைக்கும் வரைஞ்சிருக்க, பால்டரை விட்டுட்ட. எவ்வளவு வஞ்சம் பாருங்க இவளுக்கு!"

"வஞ்சம் இருக்கு, இல்லேங்கல. சரி, பால்டர் எங்க நின்னான்?"

"எங்கயா? என் காலோட ஒட்டி நின்னான்! இதோ, இங்க!" எகோன் விறுவிறுவென்று போய் விரலை ஊன்றினான். வார் முடிந்த இடத்துக்கு ஒரு முழம் கீழே. விரலைச் சுற்றி வெறும் துணி.

"ஆமா, அங்கதான்," என்றாள் சோல்வை. "அங்கதான் மிதிச்சேன்."

எகோனின் முகம் எப்படிப் போனது என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. கண்ணைத் திருப்பித் தேடினாள், சிவந்துபோன காதுதான் அகப்பட்டது. அதுவே போதுமென்று இருந்தது. இரக்கம் துளியும் வரவில்லை.

"படம்தானே!" என்று எகோன் கத்தினான். "யார் வேணா எத வேணா விட்டுட்டு வரையலாம்! எழுத்து தெரியுதா இல்லையா, அதக் கேளுங்க!"

எதிர்வீட்டு பென்டெ மேசைக்கு வந்து மனுவைத் தன் பக்கம் இழுத்தாள். "பேனா குடுங்க யாராவது. நான் போட்ட கையெழுத்த அடிக்கணும்."

அடித்துவிட்டுத் தாளையும் பேனாவையும் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளினாள். எகோன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். வெறும் துணியில் ஊன்றிய விரலை எடுக்க மட்டும் மறந்திருந்தான்.