ஏழு தடவை

அட்டைப் படத்தில் நான்கு பேர் கொட்டும் பனியில், குளியல் தொட்டிக்குள், கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்காவின் துலூத் நகரில் பழைய இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் ஆரின் அதை உயர்த்திக் காட்டியதும் என் கை தானாக நீண்டது.

"நாலு வருஷமா நச்சரிச்சியே சிக்னே, இந்தா. அச்சடிச்சதே ஐந்நூறு தட்டுதான். அதுவும் விக்கல. வாஷிங் மெஷினை டிரம்முன்னு நெனச்சுக்கிட்ட பசங்க!"

"உங்களுக்குக் காது போதாது. ரெண்டாம் பக்கம், மூணாவது பாட்டைப் போடுங்க."

கல்லூரி நாட்களில் இந்தத் தட்டு வெண்டலிடம் இருந்தது. ஞாயிறு மதியங்களில் அவன் அறைக்குப் போவேன். ஜன்னலுக்கு வெளியே ஏரி உறைந்து கிடக்கும். நான் கண்களை மூடித் தரையில் படுத்துக்கொள்வேன்; அவன் பிளேயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். மூன்றாவது பாட்டில் எல்லாம் அடங்கியபின் பாடகன் 'திறந்தே வை' என்பான். ஏழு தடவை, ஒரே நடுக்கத்தோடு. பிறகு 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். உடனே ஆர்கன் வாத்தியம் வந்து விழும்.

ராக் இசையிலேயே இவ்வளவு துணிச்சலான இடம் கிடையாது என்று கல்லூரிப் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதினேன். அந்த 'டிக்'குக்கு மட்டும் ஒரு பத்தி. வெண்டல் படித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றான். தட்டை மட்டும் இரவல் தரவே மாட்டான்.

"கஞ்சப் பயலே!"

"கேக்கணும்னா இங்க வா."

படிப்பு முடிந்ததும் மீன்பிடிப் படகில் வேலை கிடைத்து அலாஸ்கா போனான். பஸ் ஏறும்போது ஏதோ சொல்ல வந்தான். நான் புதிதாக வந்திருந்த ஏதோ ஓர் ஆல்பத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு அஞ்சலட்டைகள் வந்தன. அப்புறம் எதுவும் வரவில்லை. இருபத்தாறு வருடமாகிறது.

ஆரின் ஊசியை இறக்கினார். நான் கண்களை மூடிக்கொண்டேன்.

'திறந்தே வை.' ஒரே தடவை. உடனே ஆர்கன்.

"இது வேற பதிப்பு," என்றேன். "ஏழு தடவை வரணும்."

"இருக்கிறதே ஒரு பதிப்புதான்." ஆரின் ஒரு கணம் யோசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அடிப்பாவி! நீ கேட்டதுல கீறல் விழுந்திருக்கு. ஊசி சிக்கியிருக்கு. காலேஜ் பத்திரிகையில பக்கம் பக்கமா எழுதினேன்னு சொல்லுவியே, இதைத்தானா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. காது மடல் சுட்டது. "அப்ப ஏழோட எப்படி நின்னுச்சு?"

"அது எப்படித் தானா நிக்கும்? சிக்கினா நாள் பூரா அதையேதான் பாடும். யாராவது விரலால தட்டிவிட்டாத்தான் நகரும்."

சொல்லிவிட்டு அவர் தட்டைத் துடைக்கத் துணி தேடினார். பிளேயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் வெண்டல். எத்தனை ஞாயிறுகள்! ஒருநாள்கூட ஆறில் நின்றதில்லை. எட்டுக்குப் போனதும் இல்லை.

"பையில போடவா?"

"கீறல் விழுந்தது ஒண்ணு கிடைக்குமா, ஆரின்?"

"கிடைச்சாலும் அதே இடத்துல சிக்கணுமே?"

"ஆமா."

"சிக்கினா? நீதான் எந்திரிச்சுப் போய்த் தட்டணும்."

அது சரிதான். கண்களை மூடிக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

"இதையே குடுங்க," என்றேன். "அப்புறம், அலாஸ்கா டெலிபோன் புத்தகம் எங்க கிடைக்கும்?"