சித்தி என்னும் தரவு

1

இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. பல்கலைக்கழக உணவகத்தில் பக்கத்து மேசையில் இரண்டு மாணவிகள் பேசினார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ஆய்வு முறைகள் வகுப்பில் இதற்குப் ‘பங்கேற்பில்லா உற்றுநோக்கல்’ என்று பெயராம். நல்ல பெயராக வைத்துவிட்டால் எந்தக் கெட்ட பழக்கமும் முறையியல் ஆகிவிடுகிறது.

2

மழை ஓய்ந்த ஒரு மாலையில் அவள் மெல்ல… (வேண்டாம். மழையே பெய்யவில்லை.)

அவர்கள் பேசிய பெண் சமூகவியல் மாணவி. குடும்பத்தில் முடிவெடுப்பது யார் என்று ஒருவரை நேர்காணல் செய்து, ஒலிப்பதிவோடு கொடுக்க வேண்டும். “அறிவுரை சொல்லாதீங்க. உங்க கருத்தைக் கலக்காதீங்க. பேச விடுங்க, போதும்,” என்றிருந்தார் பேராசிரியர். ஆளைத் தேடி அலையச் சோம்பல்பட்டு அவள் சித்தி வீட்டுக்குப் போனாள். (சோம்பலுக்கும் பெயர் உண்டு: வசதி மாதிரியெடுப்பு.)

3

“இந்த வீட்ல முடிவெல்லாம் யார் எடுப்பாங்க சித்தி?”

“எல்லாம் அவ இஷ்டம்தான்,” என்றார் சித்தப்பா.

அவர் குளிக்கப் போனதும், பதிவாகிக்கொண்டிருந்த கைப்பேசியைச் சித்தி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சோபா வாங்கப் போனப்பவும் இப்படித்தான். ‘உன் இஷ்டம்’னார். நான் பச்சை சொன்னேன். வீட்டுக்கு வந்தது சாம்பல் கலர். வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்குடி. திங்கக்கிழமை போறேன், திரும்பி வர மாட்டேன். அவர்கிட்ட சொல்லல. நான் செய்யறது சரியா?”

மாணவிக்குச் சித்தியின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அதற்குள் பேராசிரியர் சொன்ன பாடம் முந்திக்கொண்டது.

“இதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா?”

சித்தி அவளை விசித்திரமாகப் பார்த்தாள். ஆனால் சொன்னாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்கும்வரை சொன்னாள்.

(இந்த இடத்தில் எனக்கு இந்த மாணவியைப் பிடிக்கவில்லை. திருத்தி எழுதினேன், கட்டிப்பிடித்து அழுதார்கள். அது இன்னும் கேவலமாக இருந்தது.)

4

சித்தி சொன்னபடியே போய்விட்டாள். சித்தப்பா தொலைபேசியில் கத்தினார்.

“உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?”

“சொன்னாங்களா இல்லையான்னு நேர்காணல் விதிப்படி நான் சொல்லக் கூடாது சித்தப்பா.”

“நீயெல்லாம் படிச்சு என்னத்தக் கிழிச்ச?” அப்புறம் குரல் இறங்கியது. “அவளுக்கு நான் என்ன குறை வச்சேன், சொல்லு.”

அவளுக்குச் சாம்பல் சோபா ஞாபகம் வந்தது.

5

என்ன செய்வதென்று கேட்கப் பேராசிரியரிடம் போனாள். பதிவைக் கேட்டு அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“பிரமாதமான தரவும்மா. வகுப்புல போட்டுக் காட்டுவோம். பேரை மட்டும் மாத்திடு.”

“பங்கேற்பாளர் விலகிட்டாங்க சார்.”

“ஆய்விலிருந்தா?”

“வீட்டிலிருந்து. ஆய்விலிருந்து நான் விலக்கிட்டேன்,” என்று அவர் முன்னாலேயே பதிவை அழித்தாள்.

6

முடிவு அ: அந்தப் பாடத்தில் அவள் தேறவில்லை.

முடிவு ஆ: பேராசிரியர் இதை வைத்தே ஆய்வு அறம் பற்றிக் கட்டுரை எழுதிக் கைத்தட்டல் வாங்கினார்.

(இரண்டும் ஒன்றாகவே நடந்திருக்கலாம்.)

ஆனால் கதை அங்கே இல்லை. ஒரு வாரம் கழித்துச் சித்தியிடமிருந்து குறுஞ்செய்தி வந்ததாம்: “வேலை பரவாயில்ல. அன்னிக்குச் சரியான்னு கேட்டேனே, நீ பதிலே சொல்லலையேடி.”

அவள் இன்னும் பதில் அனுப்பவில்லை. அவளுக்காக நான் எழுதிப் பார்த்த பதில்கள் எல்லாம் பேராசிரியர் எழுதியது போலவே இருந்தன. உங்களுக்கும் ஒரு சித்தி இருப்பாள். இடம் விட்டிருக்கிறேன், எழுதுங்கள்: